இரண்டாவது இணைப்பு வந்தபின் வடிகட்டி பட்ட பாடு

வேலூர் சத்துவாச்சாரியில் என் தாய்மாமா ஒரு தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறார். அதன் பின்கட்டில் முன்பு காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த நீள அறை, சில ஆண்டுகளாகப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான படிப்பகமாக இருக்கிறது. முன்னறையில் தட்டச்சு எந்திரங்கள், நடுவறையில் 14 கணினிகள், பின்னால் 40 இருக்கைகள் என்று அமைந்த அந்த இடத்தில் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருப்பார். வாசற்பலகையில் இன்னும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றே எழுதியிருக்கிறது. 1989இல் பிரிக்கப்பட்டுவிட்ட அந்த மாவட்டத்தின் பெயரை மாற்றி எழுத மாமாவுக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தின் கணினிகளையும் வைஃபையையும் பார்த்துக்கொள்வது, சம்பளம் இல்லாத என் வேலை.

ஒரு மாணவனின் தந்தை நேரில் வந்து, தன் மகன் படிப்பகத்தில் உட்கார்ந்தே பணம் வைத்து ஆடும் சீட்டாட்டத் தளத்தில் ஆறாயிரம் ரூபாயை விட்டுவிட்டான் என்று சொன்ன நாளில்தான், வேண்டாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி வேண்டும் என்ற பேச்சு தொடங்கியது. அதே மாதத்தில்தான் எங்கள் தெருவைத் தோண்டியதில் ஃபைபர் கம்பி அறுந்து மூன்று நாள் இணையம் இல்லாமல் போயிற்று. அந்த மூன்று நாளில் ஒன்று, ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் அழுதுகொண்டே விண்ணப்பித்ததைப் பார்த்த மாமா, செலவானாலும் பரவாயில்லை என்று சிம் போட்டு இயங்கும் ஒரு ரவுட்டரை இரண்டாவது இணைப்பாக வாங்கிவைத்தார். வடிகட்டியும் இரண்டாவது இணைப்பும் ஒரே நேரத்தில் வந்ததால், இவை இரண்டும் ஒன்றையொன்று எப்படிக் கெடுக்கும் என்பதை நான் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

டிஎன்எஸ் வடிகட்டி என்பது பெரிய மாயம் இல்லை. லாங்பஜாருக்குள் நுழைந்து ஒரு கடையின் பெயரைச் சொன்னால், எந்தச் சந்தில் எத்தனையாவது கதவு என்று சொல்லும் ஆள் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அவர்தான். வடிகட்டி என்பது, குறிப்பிட்ட சில பெயர்களைக் கேட்டால் மட்டும் ‘அப்படி ஒரு கடையே இல்லை’ என்று சாதிக்கும்படி அவரிடம் சொல்லிவைப்பது. கதவெண்ணை முன்னமே தெரிந்துவைத்திருப்பவனையும், வேறொருவரிடம் போய் வழி கேட்பவனையும் அவரால் தடுக்க முடியாது. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி, கணினிகள் வேறொருவரிடம் வழி கேட்டதால் வந்தவை. மீதிப் பாதி, வழிசொல்லும் ஆள் எந்த வாசலில் நிற்கிறார் என்பதை நானே மறந்ததால் வந்தவை.

முதலில் நான் செய்தது எளிய வழி. ஒரு இணையவழி வடிகட்டும் சேவையில் கணக்குத் தொடங்கி, சூதாட்டம், ஆபாசம் என்ற வகைகளுக்குத் தடை போட்டு, அவர்கள் கொடுத்த டிஎன்எஸ் முகவரியை ரவுட்டரில் எழுதினேன். இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. ஒரு மாலை ஃபைபர் நின்று சிம் இணைப்புக்கு மாறியதும் எல்லாத் தடைகளும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறைந்துவிட்டன. காரணம் பிறகு விளங்கியது. அந்தச் சேவை, கேள்வி எந்தப் பொது ஐபி முகவரியிலிருந்து வருகிறது என்பதை வைத்தே இது இன்னாருடைய கணக்கு என்று அடையாளம் காண்கிறது. நான் பதிவு செய்திருந்தது ஃபைபரின் முகவரியை. சிம் வழியாகப் போன கேள்வி, அவர்களுக்கு முன்பின் தெரியாத ஒருவருடைய கேள்வி.

சிம்மின் முகவரியையும் பதிவு செய்துவிடலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கைப்பேசி நிறுவனங்கள் பொதுவாக ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. சிஜிநாட் எனப்படும் இந்த ஏற்பாட்டில், நம் ரவுட்டருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஓர் உள்முகவரி மட்டுமே. வெளியே தெரியும் முகவரி நமக்கு மட்டும் உரியதன்று. அது எப்போது வேண்டுமானாலும் மாறவும் செய்யும். அதைப் பதிவு செய்வது, பேருந்தில் உட்கார்ந்திருக்கும் இருக்கை எண்ணை வீட்டு முகவரியாகக் கொடுப்பது போன்றது. ஆகவே இரண்டு இணைப்பு உள்ளவர்கள், வடிகட்டியின் அடையாளம் நம் பொது முகவரியைச் சார்ந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில சேவைகள் கணக்குக்கென்றே தனிப் பெயர் ஒன்றைக் கொடுத்து, மறையாக்கம் செய்த, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய டிஎன்எஸ் வழியாக அடையாளம் காண்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. இன்னும் எளிமையாக, க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் வழங்கும் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய முகவரிகளில் யார் கேட்டாலும் ஆபாசத் தளங்களுக்கும் தீநிரல் தளங்களுக்கும் தடை உண்டு. கணக்கும் இல்லை, பதிவும் இல்லை. வீட்டில் இரண்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு முகவரிகளை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றே சொல்வேன். எங்களுக்குச் சூதாட்டத் தளங்களையும் தடுக்க வேண்டியிருந்ததால் அதோடு நிறுத்த முடியவில்லை.

எனவே ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை (இனி ‘பை’) வாங்கி, அதில் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் வடிகட்டி மென்பொருளை நிறுவினேன். நிறுவுவதில் சொல்லும்படி எதுவும் இல்லை. அரை மணி வேலை. சூதாட்டத்துக்கான தடைப்பட்டியல் ஒன்றைச் சேர்த்ததும் அந்தச் சீட்டாட்டத் தளம் உட்பட எல்லாம் அடங்கின. பட்டியலில் இல்லாத பெயர்களை மேலே யாரிடம் கேட்பது என்ற இடத்தில்தான் தவறு செய்தேன். இரண்டு இணைப்பு இருக்கிறதே, இரண்டு நிறுவனங்களின் டிஎன்எஸ்ஸையும் எழுதிவைத்தால் ஒன்று போனாலும் மற்றொன்று இருக்குமே என்று நினைத்து, ஃபைபர் நிறுவனத்தின் முகவரியையும் சிம் நிறுவனத்தின் முகவரியையும் அடுத்தடுத்து எழுதினேன். அதன் பிறகு சில பக்கங்கள் உடனே திறந்தன. சில பக்கங்கள் ஐந்தாறு விநாடி யோசித்துவிட்டுத் திறந்தன. ஒழுங்கே இல்லாமல் வரும் இந்த மந்தம்தான் கண்டுபிடிக்க மிகக் கடினமானது. சிம் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸிடம் நேரடியாக ஒரு பெயரைக் கேட்டுப் பார்த்தபோது, ‘ரெஃப்யூஸ்டு’ (மறுக்கப்பட்டது) என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. இணைப்பு நிறுவனங்களின் டிஎன்எஸ், தம் வலையமைப்புக்குள்ளிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். நானோ சிம் நிறுவனத்திடம் கேட்க வேண்டியதை ஃபைபர் வழியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை முறையாகச் செய்ய வேண்டுமானால், இன்ன டிஎன்எஸ் முகவரிக்கு இன்ன இணைப்பு வழியாகவே போ என்று ரவுட்டரில் தனி வழி எழுத வேண்டும். அதைவிட, எந்த இணைப்பிலிருந்து கேட்டாலும் பதில் சொல்லும் பொது டிஎன்எஸ் ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது. நான் கூகுளின் 8.8.8.8 என்று எழுதினேன்.

அந்த எண்தான் அடுத்த வலையாக அமைந்தது. ஒரு ஞாயிறு காலை மாமா தொலைபேசியில் அழைத்தார். “இன்னாடா இது, சிம் ரவுட்டர்ல வெளக்கு எரியுது, நெட்டு கீதுன்னுதான் காட்டுது, ஆனா ஒண்ணும் தெறக்கலியே?” என்றார். “ஃபைபர் நின்னுடுச்சுங்களா மாமா?” என்று கேட்டேன். “அது காலையிலயே போச்சு. அதுக்குத்தானே ரெண்டாவது வாங்கனது?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் காட்பாடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன்.

கணினி ஒன்றில் கட்டளைத் திரையைத் திறந்து 1.1.1.1க்கு, ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் அனுப்பினேன், பதில் வந்தது. 9.9.9.9க்கு அனுப்பினேன், வந்தது. 8.8.8.8க்கு அனுப்பினேன், ஒன்றும் வரவில்லை. உலகமே பதில் சொல்ல அந்த ஓர் எண் மட்டும் செத்துக் கிடந்தது. கூகுளின் டிஎன்எஸ் விழுந்துவிட்டது என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை என்பதால், ரவுட்டரின் வழிப்பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஃபைபர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு இணைப்பும் வந்து சேரும் பிரதான ரவுட்டரான மைக்ரோடிக்கில் நானே ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். 8.8.8.8க்குப் போகும் வழி ஃபைபர் மட்டுமே என்று எழுதி, அந்த முகவரிக்கு 10 விநாடிக்கு ஒருமுறை பிங் அனுப்பச் சொல்லி, இரண்டு முறை பதில் வராவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சிம்முக்கு மாற்றும்படி செய்திருந்தேன். அந்த ஏற்பாடு தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. ஃபைபர் போனதை உணர்ந்து எல்லாவற்றையும் சிம்முக்கு மாற்றிவிட்டு, சோதனைக்கென்று ஒதுக்கிய 8.8.8.8ஐ மட்டும் அறுந்த ஃபைபரிலேயே கட்டிவைத்திருந்தது. பை-ஹோல் கேட்கும் ஒரே இடமும் அதுதான். இணையம் இருந்தது, வழி சொல்லும் ஆள்தான் உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

இது ஒரு வகை ரவுட்டருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பிஎஃப்சென்ஸ் போன்ற ரவுட்டர் மென்பொருள்களிலும், ஓர் இணைப்பைக் கண்காணிக்கக் கொடுக்கும் முகவரி அந்த இணைப்போடு கட்டப்பட்டுவிடும். கண்காணிப்புக்கு நினைவில் நிற்கும் எண்ணாக 8.8.8.8ஐயே எல்லோரும் எழுதுகிறார்கள்; டிஎன்எஸ்ஸுக்கும் அதையே எழுதுகிறார்கள். இப்போது நான் ஃபைபரைச் சோதிக்க 9.9.9.9ஐயும், சிம்மைச் சோதிக்க 149.112.112.112ஐயும் வைத்திருக்கிறேன். இரண்டும் பொது டிஎன்எஸ் நடத்தும் க்வாட்9 அமைப்பின் முகவரிகள். எங்கள் வடிகட்டி அவற்றிடம் ஒருபோதும் எதையும் கேட்பதில்லை. மோடத்தின் முகவரியைச் சோதிப்பதும் பயனற்றது. தெருவில் கம்பி அறுந்தாலும் மேசைமேல் இருக்கும் மோடம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

இடையில் ஒரு குறுக்குவழியையும் முயன்று பார்த்தேன். பை நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், கணினிகளுக்கு முதல் டிஎன்எஸ்ஸாக பை-ஹோலையும் இரண்டாவதாகத் தடை எதுவும் இல்லாத பொது டிஎன்எஸ்ஸான 1.1.1.1ஐயும், வலையில் சேரும் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி மூலம் கொடுத்தேன். இரண்டாவது என்றால் முதலாவது இல்லாதபோது மட்டும் என்று பொருள் கொள்ளக் கணினிகளுக்குக் கடமை இல்லை. எது விரைந்து பதில் சொல்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு. ஒருமுறை முதலாவது தாமதித்தால் இரண்டாவதிலேயே தங்கிவிடுபவையும் உண்டு. ஒரே மேசையில் ஒரு கணினியில் தடையும் அடுத்த கணினியில் திறப்புமாக ஒரு வாரம் கழிந்தது. துணை வேண்டுமென்றால் அதுவும் வடிகட்டியாகவே இருக்க வேண்டும். ஒதுக்கிப்போட்டிருந்த பழைய மேசைக் கணினி ஒன்றில் அதே பட்டியல்களோடு இரண்டாவது பை-ஹோல் ஓடுகிறது. மின்கட்டணத்தைப் பற்றி மாமா மாதம் ஒருமுறை நினைவூட்டுகிறார்.

அடுத்தது, தாமாகவே 8.8.8.8 என்று தங்கள் மடிக்கணினியில் எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகள். இவர்களுக்காக, உள்ளிருந்து, சாதாரண டிஎன்எஸ் கேள்விகளுக்குரிய வாசலான 53ஆம் போர்ட்டுக்குப் போகும் எந்தக் கேள்வியையும் பிடித்து பை-ஹோலிடம் திருப்பும் விதி ஒன்றை ரவுட்டரில் எழுதினேன். பையும் அதே வலையமைப்பில் இருந்ததால், அது வெளியே கேட்ட கேள்வியே அதனிடம் திரும்பி வந்து சுற்றத் தொடங்கியது; பைக்கு விலக்கு அளித்ததும் அது நின்றது. அதன் பிறகும் அந்த மடிக்கணினிகளில் பக்கம் திறக்கவில்லை. பையின் பதிவேட்டைப் பார்த்தால் கேள்வி வந்திருக்கிறது, பதிலும் போயிருக்கிறது; மடிக்கணினியோ பதிலே வரவில்லை என்கிறது. நெடுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது. மடிக்கணினி கேட்டது 8.8.8.8இடம். ரவுட்டர் அதைப் பையிடம் திருப்பியது. பை, கேட்டவர் பக்கத்து இருக்கைக்காரர்தானே என்று ரவுட்டரைத் தொடாமல் தன் 192.168.10.5 என்ற முகவரியிலிருந்து நேரடியாகப் பதில் கொடுத்தது. காட்பாடிக்குக் கடிதம் போட்டவனுக்குக் குடியாத்தத்திலிருந்து பதில் வந்தால் என்ன செய்வான்? தனக்கு வந்ததன்று என்று ஒதுக்குவான்; மடிக்கணினியும் அதையே செய்தது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ரவுட்டரே கேட்பதுபோல மூல முகவரியை மாற்றி எழுதுவது ஒன்று. ஆனால் அப்போது எல்லாக் கேள்விகளும் ரவுட்டரிடமிருந்து வந்தவையாகவே பையின் பதிவேட்டில் தெரியும். பையை 192.168.20 என்று தொடங்கும் தனிப் பிரிவுக்கு நகர்த்துவது மற்றொன்று. அப்போது போகிற கேள்வியும் வருகிற பதிலும் ரவுட்டர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். இரண்டாவதைச் செய்தேன். தொடக்கத்திலேயே தனிப் பிரிவில் வைத்திருந்தால் ஒரு சனி ஞாயிறு மிஞ்சியிருக்கும்.

மறையாக்கம் செய்த டிஎன்எஸ் வேறு கதை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2018இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அது 853ஆம் போர்ட்டைப் பயன்படுத்துவதால் அந்தப் போர்ட்டை அடைப்பது எளிது. அது தானியங்கி நிலையில் இருந்தால் கைப்பேசி பேசாமல் சாதாரண டிஎன்எஸ்ஸுக்கு இறங்கிவிடும். யாராவது ஒரு சேவையின் பெயரைக் கைப்பட எழுதியிருந்தால் அந்தக் கைப்பேசிக்கு இணையமே இராது. அடைத்த மறுநாள் ஏழெட்டுப் பேர் ‘வைஃபை போச்சு’ என்று வந்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் விளம்பரத்தைத் தடுக்க யாரோ சொல்லி எழுதிக்கொண்டவர்கள், தப்பு எதுவும் செய்யாதவர்கள். அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தச் சங்கடம் நேர்ந்திராது. உலாவிகள் 443ஆம் போர்ட்டில் கேட்கும் டிஎன்எஸ்ஸை முழுதும் அடைக்க வழி இல்லை, ஏனென்றால் மற்ற எல்லாத் தளங்களும் போகும் வாசல் அதுதான். ஃபயர்ஃபாக்ஸ் தானாக அந்த வழிக்கு மாறுவதை, ‘யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ் டாட் நெட்’ என்ற பெயர் இல்லை என்று வடிகட்டி சொல்வதன் மூலம் தடுக்கலாம். பை-ஹோல் இதைத் தானே செய்கிறது. வேண்டுமென்றே தேடிப்போய் மாற்றிக்கொள்பவனை நான் துரத்துவதில்லை. அவனிடம் கைப்பேசித் தரவும் இருக்கிறது. அவனுக்கு என் வடிகட்டி ஒரு பொருட்டன்று.

ஐபி முகவரிகளின் ஆறாம் பதிப்பான ஐபிவி6ஐ உள்வலையில் நிறுத்திவிட்டேன். ஃபைபர் நிறுவனம் அதன் வழியாகத் தன் டிஎன்எஸ் முகவரியையும் எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்தே அறிவித்துக்கொண்டிருந்தது. நான்காம் பதிப்பில் நான் போட்ட பூட்டெல்லாம் பக்கத்துக் கதவு திறந்திருக்க வீண். மேலும் இணைப்பு மாறும்போது ஐபிவி6 முகவரியின் முன்பகுதியே மாறிவிடும். கணினிகள் பழைய முன்பகுதியை விடாமல் பிடித்துக்கொண்டு திணறும். நிறுத்தியது சோம்பேறித்தனமான தீர்வுதான், ஆனால் அதற்காக நான் வருந்தவில்லை.

நீல வயரின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஃபைபர் நின்றபோது, சிம்முக்கு மாறும்வரை சில விநாடி பொறுக்காமல், பயிலகத்தில் உதவிக்கு இருக்கும் பையன் சிம் ரவுட்டரிலிருந்து வந்த நீல வயரைப் பிரதான ரவுட்டரிலிருந்து பிடுங்கி, கணினிகளின் வயர்கள் எல்லாம் சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் நேராகச் செருகிவிட்டான். நல்லெண்ணம்தான். உடனே உள்வலையில் முகவரி கொடுப்பவர்கள் இருவர் ஆனார்கள். பிரதான ரவுட்டரிடம் முகவரி வாங்கிய கணினிகளுக்கு வெளியே போக வழியே இல்லை. சிம் ரவுட்டரிடம் வாங்கிய கணினிகளுக்கு இணையமும் உண்டு, வடிகட்டியும் இல்லை. எந்தக் கணினி யாரிடம் வாங்கும் என்பது யார் முந்துகிறார்களோ அதைப் பொறுத்தது. இதை நான் கண்டுபிடிப்பதற்குள், ‘ஏழாம் நம்பர் சிஸ்டம்ல எல்லாம் தெறக்குது’ என்ற செய்தி படிப்பகம் முழுவதும் பரவி, அந்த இருக்கைக்கு வரிசை நின்றது. அன்று மாலையே சிம் ரவுட்டரின் டிஹெச்சிபியை நிறுத்தி, பிரதான ரவுட்டரின் இரண்டாம் வாசலுக்கு நிலையான முகவரி எழுதிவிட்டேன். இனி யார் அதை ஸ்விட்சில் செருகினாலும் எந்தக் கணினிக்கும் அதனிடமிருந்து முகவரி கிடைக்காது. அதே கையோடு சிம் ரவுட்டரின் சொந்த வைஃபையையும் அணைத்தேன். அதன் கடவுச்சொல் அதன் அடிவயிற்றில் ஒட்டிய சீட்டிலேயே அச்சாகியிருந்தது. நான்கு கைப்பேசிகள் அதில் குடியேறி நெடுநாள் ஆகியிருந்தன.

மிகவும் வருத்திய நிகழ்வு, வடிகட்டி தடுக்கக் கூடாததைத் தடுத்தது. ஒரு பெண் பிள்ளை தேர்வு விண்ணப்பத்தை எல்லாம் நிரப்பிவிட்டு, கட்டணம் செலுத்தும் பக்கத்தில் சுழலும் வட்டத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்து கேட்கக் கூச்சம். இரவு எட்டு மணிக்கு மாமா கவனித்து எனக்குச் சொன்னார். பதிவேட்டில் அவள் கணினியின் கேள்விகளைப் பார்த்ததில், கட்டணப் பக்கம் துணைக்கு அழைக்கும் ஒரு பெயரை, பயனரைப் பின்தொடரும் தளம் என்று நான் சேர்த்திருந்த ஒரு பெரிய தடைப்பட்டியல் அடைத்திருந்தது தெரிந்தது. விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகும் திறக்கவில்லை. கணினியும் உலாவியும் பழைய பதிலைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதால், உலாவியை மூடி, கணினியின் டிஎன்எஸ் நினைவையும் அழித்துவிட்டுத் திறக்க வேண்டியிருந்தது. வாசற்பலகை இன்னும் ‘வட ஆற்காடு’ என்று சொல்வது போலத்தான். அன்றோடு சூதாட்டம், ஆபாசம், தீநிரல் ஆகிய மூன்று பட்டியல்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்து மற்றவற்றை நீக்கினேன். லட்சக்கணக்கில் பெயர்களைச் சேர்ப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. அது படிப்பகத்துக்கு ஆகாது. வடிகட்டியை ஐந்து நிமிடம் நிறுத்திவைக்கும் பொத்தானை எப்படி அழுத்துவது என்பதை மாமாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அந்தப் பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தக் கணினி எந்தப் பெயரைக் கேட்டது என்பது அதில் மணி நிமிடத்தோடு இருக்கும். ஒரு நாள் மாமா ஆர்வத்தோடு என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். யாரோ ஒரு பிள்ளை குறிப்பிட்ட நோய் ஒன்றைப் பற்றிய தளங்களையே மீண்டும் மீண்டும் திறந்திருந்தது தெரிந்ததும், “மூடுடா, இது நம்ம வேலை இல்ல” என்று நகர்ந்துவிட்டார். இப்போது பதிவேடு ஒரு நாளைக்கு மேல் தங்குவதில்லை, அதுவரை அது இருக்கும் என்பதைப் பலகையிலும் எழுதிவைத்திருக்கிறோம்.

கடைசியாகக் கடிகாரம். சிம் இணைப்புகளில் 53ஆம் போர்ட்டை நிறுவனமே வழிமறித்துப் பதில் சொல்லும் வாய்ப்பு உண்டு என்பதால், பையில் டிஎன்எஸ் கேள்விகளை மேலே அனுப்பும் அன்பவுண்ட் மென்பொருளை நிறுவி, 1.1.1.3இடம் 853 வழியாக மறையாக்கத்தோடு கேட்கும்படியும், பதில் இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பத்தைச் சரிபார்க்கும்படியும் மாற்றியிருந்தேன். இரண்டு இணைப்பிலும் ஒரே மாதிரி பதில் வந்தது. மே மாதம் வேலூர் வெயிலில் தகர மேற்கூரை அறையில் யாரையும் உட்காரவைக்க முடியாது என்று மாமா அக்னி நட்சத்திரத்தில் 17 நாள் பூட்டிவிட்டார். திறந்த அன்று எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. பைக்குத் தன்னிடம் மின்கலக் கடிகாரம் இல்லை. நிறுத்திய நேரத்தை எழுதிவைத்துக்கொண்டு, எழுப்பும்போது அங்கிருந்தே தொடரும். அதன் கணக்கில் இன்னும் மே மாதத் தொடக்கம்; கையொப்பங்களோ அதற்குப் பின்னால் இடப்பட்டவை, ஆகவே அதன் கண்ணுக்கு இன்னும் செல்லுபடி ஆகாதவை. சரியான நேரத்தைக் கேட்கலாமென்றால் நேர சேவையகத்தின் பெயருக்கு முகவரி வேண்டும். முகவரி வேண்டுமென்றால் நேரம் சரியாக இருக்க வேண்டும். நேர சேவையகத்தைப் பெயரால் அன்றி 216.239.35.0 என்ற எண்ணாலேயே எழுதியதும் முடிச்சு அவிழ்ந்தது. பிறகு டிஎஸ்3231 என்ற சிறிய கடிகாரப் பலகை ஒன்றையும் பையின் ஊசிகளில் செருகிவிட்டேன். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் சற்றுக் கூட.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, கூட்டம் சேரும் முன், மாமாவே ஃபைபர் வயரைப் பிடுங்குகிறார். அந்தச் சீட்டாட்டத் தளத்தையும் ஒரு விண்ணப்பப் பக்கத்தையும் மூன்று கணினிகளில் திறந்து பார்த்து, முதலாவது திறக்கக் கூடாது, இரண்டாவது திறக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கிறார். சென்ற முறை சிம்முக்கு மாற 24 விநாடி ஆயிற்று. ஆனால் பையின் பழைய மறையாக்க இணைப்புகள் ஃபைபரின் முகவரியையே பிடித்துக்கொண்டு தொங்கியதால் பெயர்கள் கிடைக்க மேலும் அரை நிமிடம் பிடித்தது. மாறும் நொடியில் ரவுட்டரின் இணைப்பு நினைவை அழிக்கும் சிறு கட்டளை ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை வயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.